உராய்வு மாஸ்ரரின் பெடல்

சீவரத்தினம் மாஸ்ரரின் வீடு எது என்று கேட்டால் கோப்பாயில் கொஞ்சம் யோசிப்பார்கள். உராய்வு மாஸ்ரரின் வீடு என்று கேட்டால் யோசிக்காமல் கை காட்டுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் பௌதிகவியல் படிப்பித்தவர். அவ்வளவு காலத்திலும் அவருடைய வகுப்பு உராய்வைத் தாண்டி அப்பால் போனதில்லை. ஒளியையும் மின்னையும் பிள்ளைகள் ரியூசனில் போய்ப் படித்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றபின் வகுப்பு இல்லாமற் போகவே மனிதர் ஊரையே வகுப்பாக்கிவிட்டார். கிணற்று மோட்டர் பூட்ட வந்தவனுக்கு நீரமுக்கம், கூரை வேய வந்தவனுக்குப் புவியீர்ப்பு, தேர்ச்சில்லுக்கு எண்ணெய் விடப் போன கோயில் தொண்டருக்கு மறுபடியும் உராய்வு. கையில் அழுக்குப் படுகிறவனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்பது அவர் தாமாகக் கண்டுபிடித்த விதி. அதை அவர் ஒருநாளும் பரிசோதித்துப் பார்த்ததில்லை.

இந்த விதிக்கு அவர் எப்போதும் காட்டும் உதாரணம் கனிசியஸ். குருநகரிலிருந்து வந்து கோப்பாய்ச் சந்திக்குக் கிட்டச் சைக்கிள் கடை போட்டிருந்தவன். முழங்கை வரைக்கும் கரி, நகத்துக்குள் கரி, காதுக்குப் பின்னாலும் கரி. எந்தப் புதுச் சாமானைப் பூட்டினாலும் அதன் திருகுப் புரியில் ஒரு விரல் கிறீஸ் தொட்டுப் பூசிய பிறகுதான் பூட்டுவான். ஒரு காலத்தில் உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் கிறீஸ் பூதம் வருகுது என்று நாடெல்லாம் பயந்து பொல்லோடு திரிந்ததல்லவா, அந்தப் பெயரையே மாஸ்ரர் அவனுக்கு வைத்துவிட்டார். "உவன் கிறீஸ் பூதத்திட்டைக் குடுத்தால் சைக்கிளைக் கிறீஸிலை குளிப்பாட்டித்தான் தருவான்" என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். கனிசியஸின் காதுக்கும் அது போனது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாஸ்ரருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மாஸ்ரருக்கு ஒரே மகள், தனுசியா. பத்தொன்பது வயது. பதினைந்து வயதில் கழகத்துப் பொங்கல் விளையாட்டில் சைக்கிள் ஓட்டத்துக்கு இறங்கி, இரண்டாவதாக வந்தவளைக் கால் மைல் பின்னுக்கு விட்டு வந்தவள். அன்றிலிருந்து விடியற்காலையில் வல்லை வெளிக்குப் போய், எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்துவிட்டு வருவாள். கடல்நீரேரிக் காற்று, மழைக்காலமென்றால் தெருவில் முழங்கால் வெள்ளம், இதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. இருபது வயதுக்குட்பட்ட மாகாண அணியில் ஓட வேண்டும் என்ற ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. தாய் உதயகலா அதற்காகக் கோயிலில் நேர்த்தி வைத்தாள். மாஸ்ரர் அதற்காக அறிவுரை வைத்தார்.

போன வருஷம் சூரிச்சில் இருக்கும் மாமன் செந்தூரன் மருமகளுக்கு ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு சோடிப் பெடலும். அந்தச் சப்பாத்தின் அடியில் இருக்கும் துண்டு பெடலுக்குள் போய் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். காலும் சைக்கிளும் ஒன்றாகிவிடும். ஓட்டப் போட்டிக்காரர்கள் எல்லோரும் இப்படியானதில்தான் ஓடுகிறார்கள். தனுசியா அரைமணி நேரமாக அதைக் கையால் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

பிறகு புரியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் தேன் நிறத்தில் ஏதோ ஒட்டியது.

"அப்பா, இதிலை கிறீஸ் பூசியிருக்கு."

மாஸ்ரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சுவிஸ் சாமானில் கிறீஸ். அவருடைய சித்தாந்தத்துக்கே சவால். ஆனால் மனிதர் அசரவில்லை. சித்தாந்தம் உள்ளவர்களுக்கு விளக்கமா இல்லாமற் போகும்?

"அது கப்பலுக்குப் பூசினது பிள்ளை. கடலாலை வரேக்கை துருப்பிடிக்காமல் இருக்க. கப்பலாலை இறங்கினால் கழுவோணும்."

பெட்டி வந்தது விமானத்தில். அதன் முத்திரையே மேலே குத்தியிருந்தது. தனுசியா அதைக் கவனித்தாள். தகப்பனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும்.

உடனே கிண்ணம் வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, பழைய பல்துலக்கும் பிறஷ் வந்தது. மகள் கிண்ணத்தைப் பிடிக்க, மாஸ்ரர் புரியின் ஒவ்வொரு சுற்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சூரிச்சில் எவனோ ஒரு தொழிலாளி அளந்து பூசி அனுப்பியதெல்லாம் கறுத்த தண்ணீராகக் கிண்ணத்தில் நின்றது. கழுவித் துடைத்த பெடல்கள் இரண்டையும் சாமி அறையில் வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்தார். வெள்ளிக்கிழமை காலை சந்தனம் வைத்து, புரி நெடுகத் திருநீறு பூசினார். வெளிநாட்டுச் சாமான், கண்ணூறு படக் கூடாது. ஊர்க் கிறீஸ் பட்டால் தீட்டு, ஊர்த் திருநீறு பட்டால் காப்பு. பௌதிகவியல் படித்த மனிதரின் கணக்கு இது.

வீட்டிலிருந்த ஸ்பனர் அளவு பொருந்தவில்லை. வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு கனிசியஸின் கடைக்குத்தான் சைக்கிளை உருட்டினார். ஆனால் பூட்ட விடவில்லை, ஸ்பனரை மட்டும் கேட்டார். கனிசியஸ் ஸ்பனரைக் கொடுத்தான். கூடவே கிறீஸ் இருந்த தகரப் பேணியையும் தள்ளி வைத்தான்.

"மாஸ்ரர், விரல் நுனியிலை கொஞ்சம் தொட்டுப் பூசிப் பூட்டுங்கோ. பூட்டேக்கை தெரியாது. கழட்டேக்கைதான் தெரியும்."

"கனிசியஸ், புரியைப் பிடிச்சு வைச்சிருக்கிறது என்ன?"

"புரிதான் மாஸ்ரர்."

"உராய்வு. கிறீஸ் என்ன செய்யும்? உராய்வைக் குறைக்கும். உராய்வு குறைஞ்சால்? என்ரை பிள்ளை வல்லை வெளியிலை பெடலும் கையுமா நிப்பாள். கிறீஸ் வழுக்கு மரத்துக்குப் பூசுறது. விளங்குதோ?"

"இறுக்கிப் பூட்டினால் கழராது மாஸ்ரர். மிதிக்க மிதிக்க இறுகிற மாதிரித்தான் அந்தப் புரியே வெட்டியிருக்கு. கிறீஸ் அதைக் கழரப்பண்ணாது, ஒட்டிப்பிடிக்க விடாது, அவ்வளவுதான். உப்புக் காத்திலை திரியிற சைக்கிள்."

"சுவிஸ்காரனுக்குத் தெரியாதது குருநகரிலை தெரிஞ்சிட்டுதாக்கும்."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதும் மாஸ்ரருக்கு. அந்தச் சிரிப்போடு பெடல் இரண்டையும் காய்ந்தபடி, திருநீற்றோடு, பல்லைக் கடித்து இறுக்கினார். கனிசியஸ் பேணியின் மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிட்டான்.

இரண்டு மாதத்தில் இடப்பக்கப் பெடல் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'கிறிச்'. புதுச் சாமான், இருப்புக்கு வரக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்று மாஸ்ரர் விளக்கம் கொடுத்தார். அது மாரியிலும் கத்தியது, கோடையிலும் கத்தியது. தனுசியா அந்தச் சத்தத்தோடு வல்லை வெளிக்கும் திரும்பியும் ஒரு வருஷம் ஓடினாள்.

வைகாசியில் கடிதம் வந்தது. மாகாண அணித் தெரிவு பருத்தித்துறையில். ஒருவர் நல்ல சைக்கிளில் வந்து மற்றவர் ஓட்டைச் சைக்கிளில் வந்தால் நியாயமில்லை என்பதால் எல்லோருக்கும் ஒரேமாதிரி ஓட்டச் சைக்கிள் கொடுப்பார்கள். பெடல் மட்டும் அவரவர் சப்பாத்துக்குப் பொருந்தக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். தனுசியாவுக்கு அடுத்த மாதம் இருபது. இந்தத் தெரிவை விட்டால் அவளுக்கு அந்த அணி இல்லை.

கடிதம் வந்த அன்றே அவள், பிறகு வாங்கி வைத்திருந்த அளவான ஸ்பனரைத் தூக்கினாள். மாஸ்ரர் பறித்துவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையள் தொட்டால் புரியைக் கெடுப்பினம். அங்கை வைச்சு நான் கழட்டித் தாறன். ரெண்டு நிமிச வேலை."

"கனிசியஸ் அண்ணையிட்டைக் குடுத்தால் இண்டைக்கே கழட்டித் தருவார்" என்றாள் உதயகலா, அடுப்படியிலிருந்து.

"உனக்கு உதுகள் விளங்காது" என்றார் மாஸ்ரர். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் உதயகலாவுக்கு அவர் படிப்பித்த ஒரே பாடம் அதுதான்.

உண்மை என்னவென்றால், மற்றத் தகப்பன்மாருக்கு முன்னால் தான் சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தச் சுவிஸ் பெடலைக் கழற்றி, பயிற்றுநர் தரும் சைக்கிளில் பூட்டிக் கொடுக்கும் காட்சியை அவர் மனதில் ஏற்கனவே பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டார். அந்தக் காட்சியில் யாரோ ஒருவர் கிறீஸைப் பற்றிக் கேட்பதாகவும் இருந்தது. அதற்குப் பதிலும் தயாராக இருந்தது.

அன்று விடிய மகள் சைக்கிளில் முன்னே போக, மாஸ்ரர் உதயகலாவின் ஸ்கூட்டியில் பின்னே போனார். இருபத்தைந்து கிலோமீற்றரும் அந்தக் 'கிறிச்' முன்னால் போய்க்கொண்டிருந்தது. பருத்தித்துறையில் கடற்கரையோரம் தனுசியாவோடு சேர்த்து ஆறு பெண்பிள்ளைகள் நின்றார்கள். ஆறு சைக்கிள்களும் பெடலில்லாமல் வரிசையாகச் சாத்தியிருந்தன. பயிற்றுநர் ஜெசிதா, தானே ஒரு காலத்தில் ஓடி அணியில் இடம் எடுத்தவள், மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அரை மணித்தியாலத்திலை எல்லாரும் கோட்டிலை நிக்கவேணும். நாலு பேரைத்தான் எடுப்பன்."

கொடிகாமத்துப் பிள்ளையொன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பெடல்களை எடுத்தது. புரி முழுதும் கிறீஸ். விரலாலேயே சுற்றிப் பூட்டிவிட்டுக் கடைசியில்தான் ஸ்பனரைத் தேடியது. மாஸ்ரருக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. மூன்றாம் மைலில் கழன்று விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார்.

வலப்பக்கப் பெடல் அசையவில்லை. இன்னொரு தரம் முழு மூச்சையும் பிடித்துத் திருகினார். அசையவில்லை. அது சும்மா இருக்கட்டும் என்று இடப்பக்கத்துக்குப் போனார். ஸ்பனரைக் கொளுவி, காலைத் தூக்கி அதன்மேல் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினார். ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம். ஏதோ கொஞ்சம் நகர்ந்ததுபோல இருந்தது. "வருகுது" என்றார்.

கொடிகாமத்துப் பிள்ளையின் தகப்பன், மரக்கறி வியாபாரி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிட்ட வந்தார். "சேர், இடப்பக்கப் புரி மறுவளமாச் சுத்திறதெல்லோ. நீங்கள் இறுக்கிறியள்."

"எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்ரர். தெரியும்தான். பூட்டும்போது தெரிந்திருந்தது. இப்போது அவர் உடம்பெல்லாம் வியர்த்து, தெரிந்தது ஒன்றும் கைக்கு வரவில்லை. ஸ்பனரை எதிர்ப்பக்கமாகக் கொளுவி அழுத்தினார். வழுக்கியது. மறுபடி அழுத்தினார். ஸ்பனர் பிடிக்கும் தட்டையான இடம் மழுங்கி வட்டமாகப் போய்விட்டது.

தனுசியா தெருவைக் கடந்து ஓடினாள். எதிரே வள்ள இயந்திரம் திருத்துகிற கொட்டில் ஒன்று இருந்தது. அங்கிருந்து செபநாயகம் என்ற மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாரத்தை மடித்துக் கட்டியவர், கை இரண்டும் கனிசியஸின் கையைப்போலவே கரி. ஒரு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல், மற்றக் கையில் நீட்டு இரும்புக் குழாய். மாஸ்ரருக்கு அவருடைய கையைப் பார்த்ததுமே பழைய விதி ஞாபகம் வந்தது. ஆனால் இம்முறை ஸ்பனரை அவரிடம் நீட்டினார்.

செபநாயகம் வலப்பக்கத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு, சுற்றிவரச் சுத்தியலால் தட்டி, ஸ்பனரின் பிடியில் குழாயைச் செருகி இழுத்தார். பெரிய சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. கழன்று வந்த புரியில் வெள்ளையாக மாவு அப்பியிருந்தது.

"உதுதான் விசயம்" என்றார் செபநாயகம். "இரும்பும் அலுமினியமும் காய்ஞ்சபடி சேந்தால் உப்புக் காத்திலை இப்பிடித்தான் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொள்ளும். எங்கடை வள்ளத்திலை கிறீஸ் இல்லாமல் ஒரு ஆணி முடுக்கமாட்டம். ஏன் சேர், புதுசிலை புரியிலை கிறீஸ் இருந்திருக்குமே?"

"இல்லை" என்றார் மாஸ்ரர். "காய்ஞ்சுதான் வந்தது."

சொல்லும்போதே அவருக்குக் கிண்ணம் தெரிந்தது. தேன் நிறம் கறுப்பாகிக் கரைந்து நின்றது தெரிந்தது. பிறஷைப் பிடித்த தன் கையும் தெரிந்தது. மகளின் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தார்.

"இருந்தது ஐயா" என்றாள் தனுசியா. குரல் ஏறவில்லை. "அப்பா மண்ணெண்ணெயிலை கழுவினவர். நான்தான் கிண்ணம் பிடிச்சனான். பிறகு திருநீறு பூசிப் பூட்டினவர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாஸ்ரர் கோபித்திருக்கலாம். செபநாயகம் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு இடப்பக்கத்துக்குப் போனார். மரக்கறி வியாபாரி கடலைப் பார்த்தார். அந்த மரியாதைதான் மாஸ்ரரால் தாங்க முடியாமல் இருந்தது.

இடப்பக்கம் வரவில்லை. மழுங்கிய இடத்தில் ஸ்பனர் நிற்கவே இல்லை. செபநாயகம் வேறு ஸ்பனர் கொண்டுவந்து பார்த்தார். தன்னுடைய சைக்கிளின் பெடலைக் கழற்றிக் கொண்டுவந்தும் பார்த்தார், அதன் புரி பருமன் வேறு. பயிற்றுநர் மற்றப் பிள்ளைகளிடம் மேலதிகமாகச் சோடி இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். இல்லை.

"உதுக்கு அரை நாள் மண்ணெண்ணெயிலை ஊறவேணும் பிள்ளை" என்றார் செபநாயகம். "ஏற்கனவே இறுகினதை ஆரோ இன்னும் இறுக்கிக்கிடக்கு."

ஆரோ என்றுதான் சொன்னார்.

ஜெசிதா மணிக்கூட்டைப் பார்த்தாள், தனுசியாவைப் பார்த்தாள். "உம்மடை ஓட்டம் எனக்குத் தெரியும். ஆனால் உமக்காகப் பிந்தினால் மற்ற அஞ்சு பேருக்கும் நியாயமில்லை. விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்" என்றாள் தனுசியா.

ஐந்து பேர் கோட்டில் நின்றார்கள். ஜெசிதா விசில் ஊதினாள். ஐந்து பேரும் கரையோர வீதியால் போனார்கள். முதலாவது வளைவிலேயே கொடிகாமத்துப் பிள்ளை முன்னுக்கு வந்துவிட்டது. ஒரு பெடலும் கழரவில்லை. ஆறாவது சைக்கிள் பெடலில்லாமல் மதிலில் சாத்தியபடி நின்றது. தனுசியா அந்தச் சப்பாத்தோடேயே தெருவோரத்தில் நின்று, கண்ணுக்குத் தெரியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மாஸ்ரர் அவள் அழுதால் நல்லது என்று நினைத்தார். அழுதால் ஆறுதல் சொல்லலாம், ஆறுதலோடு ஒரு விளக்கமும் சொல்லலாம்.

அவள் அழாமல் கொட்டிலுக்குப் போய், பேணியில் ஒரு விரல் கிறீஸ் தொட்டுக்கொண்டு வந்தாள். கழற்றிய வலப்பக்கப் பெடலின் புரியைத் துணியால் துடைத்தாள். வெள்ளை மாவெல்லாம் போகும்வரை துடைத்தாள். பிறகு சுற்றுச் சுற்றாக, ஒரு இடம் விடாமல், மெதுவாகக் கிறீஸைப் பூசினாள். மாஸ்ரர் பக்கத்தில் நின்றார். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்த மனிதருக்கு வராது.

"கனக்கப் பூசாதை" என்றார். "மண் பிடிக்கும்."

தனுசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமென்று சொல்ல முடியாது. கனிசியஸின் கடையில் அவர் கனிசியஸைப் பார்த்த அதே பார்வை. எங்கே பழகினாள் என்று அவர் கேட்கத் தேவையில்லை. பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து, இன்னும் கொஞ்சம் பூசினாள். அதைத் தன் சைக்கிளில் விரலாலேயே சுற்றிப் பூட்டினாள்.

திரும்பி வரும்போதும் அவர் ஸ்கூட்டியில் பின்னாலேதான் வந்தார். வலப்பக்கம் சத்தமில்லை. இடப்பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியது. நெல்லியடியில் கத்தியது, வல்லை வெளியின் காற்றிலும் கத்தியது, அச்சுவேலி தாண்டியும் கத்தியது. முந்திக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் முந்தும்போது அவள் முகத்தைக் கடந்து போக வேண்டுமே.

கோப்பாய்ச் சந்தியில் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கனிசியஸின் கடை வாசலில் இறங்கிச் சைக்கிளைச் சாத்தினாள்.

"இடப்பக்கப் பெடல் இறுகிப்போச்சு அண்ணை. எவ்வளவு நாள் எடுத்தாலும் பரவாயில்லை, ஆறுதலாக் கழட்டித் தாங்கோ. நீங்கள் எப்பிடிக் கழட்டுறியள் எண்டு நான் பாக்கவேணும்."

கனிசியஸ் குந்தியிருந்து மழுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். தெருவில் ஸ்கூட்டியோடு நின்ற மாஸ்ரரைப் பார்த்தான். இன்னொரு குட்டி முக்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான்.

மாஸ்ரர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். தொண்டையைச் செருமினார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், ஏதாவது சொல்ல வேண்டும். சூடு காட்டினால் உலோகம் விரியும் என்று தொடங்கலாம் என்று நினைத்தார்.

"அப்பா" என்றாள் தனுசியா, திரும்பாமலேயே, வழக்கமான மரியாதையோடு. "நீங்கள் வீட்டை போங்கோ. இஞ்சை உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை."

கடையில் அன்றும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, மாஸ்ரர் போவதற்கு வழி விட்டார்கள்.